ஓவியர் டி. கே. பத்மினி
(தங்கவயலில் நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்க மேடையில் வள்ளுவரைப் போற்றியிருக்கிறோம். இளங்கோவைப் போற்றியிருக்கிறோம். பாரதியையும் பாவேந்தரையும் ஆண்டுதோறும் பாடிப் பரவுகிறோம். இவை செய்யத்தக்கனவே. இன்று சொல்லால் அன்றிக் கோட்டாலும் வண்ணத்தாலும் பேசிய ஒரு பெண்மணியைப் பற்றிச் சில கூற விழைகிறோம். அவர் பெயர் டி. கே. பத்மினி.

பத்மினி என்றதும் உங்கள் உள்ளத்தில் எழும் உருவம் நாட்டியப் பேரொளியின் உருவமாகத்தான் இருக்கும். அவரை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. நாம் சொல்லவந்த பத்மினியோ அதே காலத்தில், அதே சென்னை மாநகரில் வாழ்ந்தும், அக்கலை உலகிற்கு வெளியே அதிகம் அறியப்படாமல் மறைந்தவர். ஒரே பெயர் தாங்கிய இருவருள் ஒருவர் புகழின் உச்சியில் நின்றார்; மற்றவர் கூடத்தின் ஒரு மூலையில் திரைச்சீலையின் முன் நின்றார். முன்னவரை நாடு மறக்கவில்லை. பின்னவரை நாடு நினைக்கவே நெடுங்காலம் ஆயிற்று. அது ஏன் என்பதே இவ்வுரையின் பொருள்.

1940ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், மலையாள நாட்டில் பொன்னானிக்கு அண்மையிலுள்ள காடஞ்சேரி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அந்நாளில் மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. எனவே சென்னையே அவ்வூராருக்கும் தலைநகரம். வயலும் தென்னஞ்சோலையும் பாம்புக்காவும் சூழ்ந்த அந்த ஊர்ப்புறமே அவருடைய முதற் பள்ளி. நாகங்களுக்கென வெட்டாமல் விடப்பட்ட அடர்ந்த மரக்கூட்டத்தைப் பாம்புக்காவு என்பர். அந்த இருளும் பசுமையும் பிற்காலத்தில் அவருடைய ஓவியங்களில் மீண்டும் மீண்டும் தோன்றின.

சிறு வயதிலேயே அவர் கையில் இருந்த ஆற்றலை ஆசிரியர்கள் கண்டுகொண்டனர். பொன்னானியில் தாய்மாமன் ஆதரவில் தங்கி உயர்நிலைப் பள்ளியிற் படித்தார். தாய்மாமன் என்ற உறவின் பெருமை நமக்குச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. மருமக்கள் வழி மரபுள்ள மலையாள நாட்டிலோ அது இன்னும் ஒரு படி மேல். பொன்னானி அந்நாளில் கவிஞர்களும் கதை ஆசிரியர்களும் கூடி வாழ்ந்த ஊர். இடசேரி கோவிந்தன் நாயர், உரூபு, அக்கித்தம் ஆகியோர் அச்சூழலைச் சார்ந்தவர்கள். ஓவியர் நம்பூதிரியிடமும் பத்மினி பயிற்சி பெற்றார். ஒரு சிற்றூர்ப் பெண் ஓவியராவதற்கு அவளது கை மட்டும் போதாது. அவளைச் சுற்றி நான்கு பேராவது அதைக் கண்டு மதிக்கவேண்டும். பத்மினிக்கு அந்த நற்பேறு வாய்த்தது.

1961ஆம் ஆண்டில் அவர் சென்னைக்குச் சென்று, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள அரசினர் ஓவியப் பள்ளியிற் சேர்ந்தார். அப்பள்ளி 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. பின்னர் தேவி பிரசாத் ராய் சௌதுரி அதன் முதல் இந்தியத் தலைவரானார். சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைக் கண்டவர்கள் அவர் கைவண்ணத்தைக் கண்டவர்களே. அவருக்குப்பின் 1957இல் தலைமை ஏற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். பணிக்கர் கோயமுத்தூரிற் பிறந்த மலையாளி. தமிழ் மண்ணையும் மலையாள மண்ணையும் ஒருங்கே அறிந்தவர். மேனாட்டாரின் புதுமை ஓவியத்தை அப்படியே பார்த்து எழுதுவதும் அடிமைத்தனம், பழைய ஓவியங்களை அப்படியே திரும்பத் தீட்டுவதும் அடிமைத்தனம் என்று கருதியவர். நம் நாட்டுக் கோட்டிலிருந்தும் குறியீட்டிலிருந்தும் புதுமை பிறக்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். அவரைச் சூழ்ந்து உருவான இளைஞர் கூட்டத்தையே பின்னர்ச் 'சென்னை ஓவிய இயக்கம்' என்று அழைக்கலாயினர். 1966இல் கிழக்குக் கடற்கரையோரம் ஈஞ்சம்பாக்கத்தில் அமைந்த சோழமண்டல ஓவியர் சிற்றூர் அவ்வியக்கத்தின் விளைச்சல்.

அந்தக் கூட்டத்திற் பெண்கள் மிகச் சிலரே. பத்மினி ஆறு ஆண்டுகளுக்குரிய படிப்பை நான்கே ஆண்டுகளில் முடித்தார். முடித்த பின் சென்னையில் பள்ளிகளில் ஓவிய ஆசிரியையாகப் பணிபுரிந்தார். பகலெல்லாம் குழந்தைகளுக்குக் கோடு கற்பித்துவிட்டு, எஞ்சிய பொழுதில் தம் ஓவியங்களை எழுதினார். கேரள லலித கலா அகாதெமியின் பாராட்டும், சென்னையில் இளம் ஓவியர் சிற்பியர் சங்கத்தின் பரிசும் அவரை வந்தடைந்தன.

இனி, அவர் எழுதியது எத்தகைய ஓவியம் எனக் காண்போம். புதுமை ஓவியம் என்றாலே பலர் முகம் சுளிப்பர். "மனிதன் மனிதனைப்போல இல்லை, மரம் மரத்தைப்போல இல்லை, இது என்ன ஓவியம்?" என்பர். ஆனால் நம் வீட்டுத் தாய்மார்களை இக்கேள்வி தடுமாறச் செய்யாது என்பது நம் துணிபு. விடியற்காலையில் வாயிலில் சாணம் தெளித்துப் புள்ளிக் கோலம் இடுகிறீர்களே, அதில் நீங்கள் இடும் தாமரை குளத்துத் தாமரையைப் போலவா இருக்கிறது? இல்லை. ஆயினும் அது தாமரை என்பதை மூன்று வயதுக் குழந்தையும் அறியும். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. அது எந்தப் பொருளின் படமும் அன்று. எனினும் அழகுடையது, பொருளுடையது. கண்டதைக் கண்டபடியே எழுதாமல், கண்டதின் சாரத்தைக் கோட்டில் வடிப்பதே அங்கும் இங்கும் நடைபெறுவது. சென்னை இயக்கத்தாரின் உயிர் கோட்டில் இருந்தது. கோலமிட்ட கைகளுக்கு அவர்கள் மொழி அயல்மொழி அன்று.

பத்மினியின் கோடு தடித்தது, உறுதியானது. அவர் வண்ணங்களிற் பல மண்ணின் வண்ணங்கள். காவியும் பழுப்பும் கரும்பச்சையும் அவற்றில் மிகுதி. அவர் எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூட்டமாக நிற்கும் சிற்றூர்ப் பெண்கள்; மரங்களுக்கிடையே நிற்கும் பெண்கள்; தனித்து நின்று நேரே நம்மை நோக்கும் பெண்கள். அவர்கள் நகை பூண்டு நாணிக் கோணும் நாட்காட்டிப் படத்து மங்கையர் அல்லர். கருத்த மேனியும் அகன்ற விழியும் உழைத்த தோளும் உடையவர்கள்.

ஆடையற்ற பெண்ணுருவங்களையும் அவர் எழுதினார். குடும்பத்தோடு அமர்ந்திருக்கும் இந்த அவையில் இதைச் சொல்லலாமா என ஒருகணம் தயங்குவது இயல்பு. ஆனால் சொல்லாமல் விட்டால் அவருடைய துணிவைச் சொல்லாமல் விட்டவர்களாவோம். நம் கோயில் தூண்களிலும் கோபுரங்களிலும் அத்தகைய உருவங்கள் உண்டு. அவற்றைச் செதுக்கியவர்கள் ஆடவர். மேனாட்டு ஓவியக் கூடங்களில் இருப்பனவும் பெரும்பாலும் ஆடவர் தீட்டியனவே. அவற்றில் பெண் பார்க்கப்படுகிறாள். பத்மினியின் ஓவியங்களிலோ பெண் தானாக இருக்கிறாள். யாரையும் கவர அவள் நிற்கவில்லை; யாருக்கும் அஞ்சி ஒடுங்கவும் இல்லை. ஒரு மரம் நிற்பதுபோல நிற்கிறாள். 1960களில், இருபத்தைந்து வயது எய்தாத ஒரு சிற்றூர்ப் பெண், தன் உடம்பு தன்னுடையது என்பதைத் தூரிகையால் சொன்னாள் என்றால், அதை எளிய செயல் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

1968இல் தம்மைப் போன்றே ஓவியரான தாமோதரனை மணந்தார். மணத்திற்குப் பிறகும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. பட்டம் பறக்கவிடும் ஒரு சிறுமியை எழுதிய ஓவியம் அவருடைய கடைசி ஓவியங்களுள் ஒன்று.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பர் நம் மூதாட்டியர். பத்மினிக்கு அந்த மறுபிறப்பு வாய்க்கவில்லை. 1969ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் பேறுகாலத்தில் அவர் உயிர் நீத்தார். மறுநாள் அவருடைய பிறந்த நாள், இருபத்தொன்பது நிறைந்திருக்கும். ஓவியப் பள்ளியிற் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் அவருக்குக் கிடைத்தவை எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளின் உழைப்பாக 200க்கும் மேற்பட்ட படைப்புகளை விட்டுச் சென்றார்.

அன்பர்களே, இளமையில் மறைந்த பெண் ஓவியர் இவர் ஒருவரே அல்லர். ஜெர்மனி நாட்டில் பௌலா மோடர்சோன் பெக்கர் என்பவர் இருந்தார். அவரும் உழவர் குடிப் பெண்களையும் தாய்மாரையும் தடித்த கோட்டால், மண் வண்ணத்தால் எழுதினார். 1907இல் ஒரு பெண் மகவைப் பெற்ற சில நாட்களில், 31ஆம் வயதில் இறந்தார். 700க்கும் மேற்பட்ட ஓவியங்களை எழுதியிருந்தும் அவர் வாழ்நாளில் விற்றவை மிகச் சிலவே. நம் நாட்டில் அம்ரிதா ஷேர்கில் 1941இல் லாகூரில் 28ஆம் வயதில் மறைந்தார். 1937இல் தென்னாட்டிற் சுற்றுப்பயணம் செய்து, நம்மவர் சந்தைக்குச் செல்லும் காட்சியைப் பெரிய ஓவியமாக எழுதியவர் அவர்.

இம்மூவரும் ஏறத்தாழ ஒரே வயதில் மாய்ந்தவர்கள். புகழோ மூவருக்கும் ஒரே அளவில் வரவில்லை. பௌலாவின் ஓவியங்களுக்கென ஒரு காப்பி வணிகர் பிரேமன் நகரில் ஒரு மாளிகையையே எழுப்பினார். 1927இல் அது திறக்கப்பெற்றது. பெண் ஓவியர் ஒருவருக்கென உலகில் எழுந்த முதல் ஓவியக் கூடம் அதுவே என்பர். அம்ரிதாவின் ஓவியங்களை அவர் குடும்பத்தார் பேணி நாட்டுக்கு அளித்தனர். புதுதில்லியில் தேசிய நவீன ஓவியக் கூடத்தில் அவை இன்றும் சிறந்த இடம் பெற்றுள்ளன. திறமை ஓவியரிடம் இருக்கிறது. ஆனால் நினைவு அவரிடம் இல்லை. அது பின்னால் வருபவர்களின் கையில் இருக்கிறது. இதுவே நாம் சொல்ல வந்த ஒரே கருத்து.

பத்மினி ஏன் மறக்கப்பட்டார்? பம்பாயிலும் தில்லியிலும் இருந்த ஓவிய வணிகம் அந்நாளில் சென்னையை எட்டிப்பார்த்தது குறைவு. அவர் பெண், ஆண்டுகள் மிகச் சில. இவற்றோடு வேறொரு காரணமும் உண்டு. அவர் இரண்டு நாடுகளுக்கு இடையில் நின்றவர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் கேரளத்தைச் சேர்ந்தது. சென்னை சென்னையாகவே நின்றது. தமிழர் அவரை மலையாளி என்றனர்; மலையாளிகளுக்கோ அவர் சென்னையில் வாழ்ந்தவர். இரு வீட்டாரும் "அவள் அந்த வீட்டுப் பெண்" என்று கருதியதால் எந்த வீட்டுச் சுவரிலும் அவள் படம் மாட்டப்படவில்லை.

இந்த நிலை தங்கவயல் தமிழருக்கு விளங்காதா? வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, 1880களிலிருந்து நான்கு ஐந்து தலைமுறைகளாக நிலத்தின் ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்தவர்கள் நம் முன்னோர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. இவ்வயலிலிருந்து ஏறத்தாழ 800 டன் பொன் நாட்டுக்குச் சென்றது. கருநாடகத்தில் நாம் தமிழர். தமிழ்நாட்டில் நாம் கோலாரார். நம் வரலாற்றை யார் எழுதுவது என்று இரு பக்கமும் நோக்கிக்கொண்டிருந்தால் ஒருவரும் எழுதமாட்டார்.

ஆனால் இந்த ஊர் அவ்வாறு காத்திருந்த ஊர் அன்று. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைச் சென்னையில் தொடங்கினார், 1914இல் மறைந்தார். அவருக்குப்பின் அவ்விதழ் நின்றுபோயிற்று. 1926இல் அதைத் 'தமிழன்' என்று மீண்டும் நடத்த முன்வந்தவர் தங்கவயலைச் சேர்ந்த அப்பாதுரையார். சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டு வெளியிட்டது. அரசும் செல்வரும் செய்யாததைச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த இந்த ஊர் செய்தது. 1999இல் ஞான அலாய்சியஸ் பண்டிதரின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டபோது தமிழ்நாடு வியந்தது. வியப்பதற்கு எழுத்து எஞ்சியிருந்ததே, அதற்கு இங்கு வாழ்ந்தவர்களின் பேணுதலும் ஒரு காரணம். ஆகவே, பேணுதல் என்பது நமக்குப் புதிய பாடம் அன்று. நம் பாட்டனார் காலத்துப் பழக்கம்.

பத்மினிக்கும் அத்தகைய பேணுதல் பின்னர் வாய்த்தது. உறவினர் அவர் ஓவியங்களைக் காத்தனர். அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை எழுந்தது. எர்ணாகுளம் தர்பார் ஹால் ஓவியக் கூடத்தில் கேரள லலித கலா அகாதெமி அவருடைய ஓவியங்களைக் காத்துவருகிறது. 2018இல் 'பத்மினி' என்னும் பெயரிலேயே அவருடைய வாழ்க்கை மலையாளத்தில் திரைப்படமாயிற்று. மறைந்து அரை நூற்றாண்டு ஆகும் தறுவாயில் அவர் பெயர் மீண்டும் ஒலிக்கத் தொடங்கியது. அன்று ஒரு மாமனும் சில உறவினரும் பழந்தாள் என்று அவற்றை எறிந்திருந்தால், இன்று நாம் பேச ஒரு பத்மினி இருந்திருக்க மாட்டார்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் நம் சுரங்கங்கள் மூடப்பெற்றன. அதன்பின் நம் மக்கள் நாள்தோறும் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவு மீள்கின்றனர். பல குடும்பங்கள் வீட்டையே மாற்றிச் சென்றன. வீடு மாறும்போது முதலில் எறியப்படுவன எவை? பழைய தாள்கள். பாட்டியின் கோல நோட்டு, மகளின் பள்ளிக்கூட ஓவிய ஏடு, யாரோ பென்சிலால் எழுதிய சுரங்கத் தலைக்கோபுரத்தின் படம் ஆகியவை. பித்தளைப் பாத்திரத்திற்கு வண்டியில் இடம் உண்டு, இவற்றிற்கு இல்லை.

ஆகையால் இந்த விழா நாளில் சங்கத்தின் சார்பில் மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, கோல நோட்டுகளையும் பிள்ளைகளின் ஓவியங்களையும் எறியாதீர்கள். ஒவ்வொன்றின் பின்னும் எழுதியவர் பெயரையும் ஆண்டையும் ஊரையும் எழுதி வையுங்கள். பெயரில்லாத ஓவியம் தாயில்லாத பிள்ளை. எல்லாவற்றையும் வைக்க இடமில்லை என்றால், கைப்பேசியில் படம் பிடித்தாவது வையுங்கள்.

இரண்டாவது, ஓவியத்தில் விருப்பமுள்ள பெண்ணைப் பார்த்து, "இது சோறு போடுமா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பத்மினி ஓவிய ஆசிரியையாகித் தம் சோற்றைத் தாமே தேடிக்கொண்டார். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசினர் கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. நமக்கு அண்மையில் பெங்களூரில் சித்ரகலா பரிஷத் உள்ளது. பத்மினி பொன்னானியிலிருந்து சென்னைக்குச் சென்ற தொலைவை நோக்க, தங்கவயலிலிருந்து பெங்களூர் எட்டிவிடும் தொலைவே.

மூன்றாவது வேண்டுகோள் ஆடவர்க்கு. மணமான பெண்ணின் கையில் தூரிகை இருந்தால் அதை வாங்கிப் பரண்மேல் வைக்காதீர்கள். ஒரு நாளில் ஒரு மணி நேரம் அவளுக்கென விட்டுக்கொடுங்கள். எட்டு ஆண்டுகளில் ஒருவர் என்ன செய்ய இயலும் என்பதைப் பத்மினி காட்டியிருக்கிறார். நம் வீட்டுப் பெண்களுக்கு எட்டு ஆண்டுகள் அல்ல, எண்பது ஆண்டுகள் கிடைக்கட்டும்.

பொன்னை எடுப்பது எளிதன்று என்பதை நம்மினும் நன்கறிந்தவர் யார்? ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் சில கிராம் பொன் கிடைக்கும். அந்தச் சில கிராமுக்காக நம் முன்னோர் அந்தப் பாறையை வேண்டாம் என்று தள்ளவில்லை. வீட்டில் கிடக்கும் தாள்கள் அனைத்திலும் ஒரு பத்மினி இருப்பாள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தேடிப் பார்க்காமல் இல்லை என்று சொல்லும் உரிமை தங்கவயல் மக்களுக்கு இல்லை.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.